மறதியும் உறுதியும்

மன்னாரிலிருந்து கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் அருவியாற்றைக் கடந்ததும் அரிப்பு என்னும் ஊரை அடைவர். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் உலகறிந்த ஊர் அது. பிரித்தானியரின் முதல் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோத், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் எழுப்பிய 'டொரிக்' மாளிகையின் எஞ்சிய சுவர்கள் இன்றும் அங்கே கடலோர மேட்டில் நிற்கின்றன. அம்மேட்டைக் கடல் அரித்து வருகின்றது. ஒருநாட் சென்று பார்ப்பவனுக்கு அங்கு எந்த மாற்றமும் தோன்றாது. பத்தாண்டு கழித்துச் செல்பவன் முன்பு கண்ட சுவரைத் தேடவேண்டியிருக்கும்.

முதுமையில் வரும் மறதிநோயும் இத்தகையதே. நாள்தோறும் உடனிருப்போர் அதனைக் காண்பதில்லை. ஆண்டுக்கொருமுறை ஊருக்கு வரும் மகள் கண்டு திடுக்கிடுகின்றாள். அவள் வருவதற்குள் வீட்டிலே வேறொன்றும் நடந்து முடிந்திருக்கலாம். அந்த 'வேறொன்று' பற்றியதே இப்பேச்சு.

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். அரிப்பில் ஒரு மூதாட்டி. கணவன் இறந்து ஆண்டுகள் பலவாகியும், மாலையானதும் வாசலில் நின்று, 'கடலுக்குப் போனவர் இன்னும் வரவில்லையே' என்று கேட்கின்றாள். பெண்மக்கள் இருவரும் கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். தங்கையின் மகன், அதாவது பெறாமகன், உடனிருந்து பார்த்துக்கொள்கின்றான். சோறு கொடுப்பவன் அவன். மருந்து வாங்குபவன் அவன். மக்கள் அனுப்பும் பணத்தை வங்கியில் எடுப்பவனும் அவனே. ஒருநாள், 'பெரியம்மா, நிவாரணப் பத்திரத்துக்குக் கையெழுத்து வேண்டுமாம்' என்று சொல்லி அவளைப் பட்டினத்துக்கு அழைத்துச் செல்கின்றான். அன்று மாலை வீடு திரும்பும்போது, அவள் பிறந்து வளர்ந்த முதிசவளவு அவளுடையதன்று. அவள் கைபட எழுதிய அறுதி உறுதியொன்று நொத்தாரிசுவின் கோவையில் இருக்கின்றது. அவளிடம் கேட்டால், 'நான் எங்கே போனேன்? வீட்டில்தானே இருந்தேன்' என்பாள். அவள் பொய் சொல்லவில்லை.

இந்நிலையில் சட்டம் என்ன செய்யும்? ஒன்று முதலிற் சொல்லப்படவேண்டும். சட்டம் தானாக எதையும் செய்யாது. மறதிநோய் ஒருவரைப் பிடித்துக்கொண்டது என்பதனால் எந்தப் பதிவேட்டிலும் ஒரு கோடு விழுவதில்லை. ஒருவர் எழுந்து நீதிமன்றத்துக்குச் சென்று சொல்லும்வரை, அம்மூதாட்டி சட்டத்தின் கண்ணில் முழு அறிவுள்ள குடிமகளே. அவ்வாறு சொல்ல எவருக்கும் நாவெழாதிருப்பதே வஞ்சகனுக்குக் கிடைக்கும் பெருந்துணை.

இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் இவ்விடயத்தில் தெளிவானது. ஒப்பந்தம் செய்யும் வேளையில், தான் செய்வது இன்னதென்று உணரும் ஆற்றல் ஒருவருக்கு இல்லையாயின், அவ்வொப்பந்தம் பிறவியிலேயே செத்தது; வெறும் தாள். நேற்றாலிலிருந்து சென்ற ஒரு வழக்கில் இலண்டன் கோமறைக் கழகம் 1905ஆம் ஆண்டு இதனை உறுதிசெய்தது. மற்றவர் அக்குறையை அறிந்திருந்தாரா என்பது அங்கே கேள்வியன்று. இங்கிலாந்தின் சட்டமோ வேறு. அங்கே எதிர்த்தரப்பு அதனை அறிந்திருந்தது என்பதையும் காட்டவேண்டும். ஒல்லாந்தர் விட்டுச்சென்றவற்றுள் அரிப்பின் பழங்கோட்டையைவிட இவ்விதி இன்றைய முதியோருக்குப் பயன்மிக்கது எனலாம்.

ஆனால் நிரூபிக்கும் சுமை வழக்காளியின் தலையில். நோய் இருந்தது என்று காட்டினாற் போதாது. அந்த நாளில், அந்த வேளையில் அறிவு இருக்கவில்லை என்று காட்டவேண்டும். மறதிநோயாளருக்கும் தெளிந்த பொழுதுகள் உண்டு. மரணசாதனம் பற்றி இங்கிலாந்தில் 1870இல் தீர்க்கப்பட்ட 'பாங்ஸ் எதிர் குட்ஃபெலோ' என்னும் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இறந்துபோன ஒருவன் தன்னைத் துரத்துகின்றான் என்று நம்பிய மனிதர் ஒருவர் எழுதிய மரணசாதனம் செல்லும் என்றே அங்குத் தீர்ப்பாயிற்று. தன் சொத்து எது, தனக்குரியோர் யார், எழுதுவதன் பயன் யாது என்பவற்றை அவர் அறிந்திருந்தார்; அந்த வீண்பயம் அவ்வறிவைத் தொடவில்லை. ஆகவே, மாலையில் இறந்த கணவனைத் தேடும் மூதாட்டி காலையில் எழுதிய உறுதி செல்லாதென்று அந்த ஒரு காரணத்தால் மட்டும் கூறிவிட முடியாது.

அதனாற்றான் சான்றுகளைத் திரட்டுவது முதல் வேலையாகின்றது. நோயறிவோர் காலந்தோறும் எழுதிவந்த சிகிச்சைக் கொப்பி, எந்தச் சாட்சியினும் வலியது. 1906இல் அலோய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மன் மருத்துவர் தாம் கண்ட ஒரு பெண்ணின் நோயை அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். இது வயதின் இயல்பன்று, மூளையைப் பற்றும் நோய் என்று இன்று மருத்துவம் அறியும். ஊரிலோ இன்னும், 'வயது போனால் அப்படித்தான்' என்று சொல்லி மருத்துவரிடம் கூட்டிச்செல்லாது விடுகின்றனர். நோய்க்கு இது தீது, வழக்குக்கும் தீது. மன்னார் ஆசுபத்திரியில் ஒருமுறை காட்டி எழுதப்பட்ட ஒரு பக்கம், பின்னாளில் ஒரு வளவைக் காக்கக்கூடும்.

உறுதி எழுதப்பட்ட முறையும் ஆராயத்தக்கது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு ஒருவர் முன்னும் சாட்சிகள் இருவர் முன்னும் நிகழவேண்டும். நொத்தாரிசு, எழுதிக்கொடுப்பவரைத் தாம் அறிந்திருக்கவேண்டும். அன்றேல் அவரை அறிந்த சாட்சிகள் வேண்டும். உறுதியை வாசித்து விளக்கவும் வேண்டும். அந்த இரு சாட்சிகள் யார்? மூதாட்டியை அறிந்த ஊரவரா, பெறாமகனின் கூட்டாளிகளா? வாசித்துக் காட்டியபோது அவள் என்ன சொன்னாள்? விலைப்பணம் நொத்தாரிசு முன்னிலையில் எண்ணிக் கொடுக்கப்பட்டதா, 'முன்னரே பெற்றுக்கொண்டேன்' என்று எழுதப்பட்டதா? இக்கேள்விகளுக்கு வரும் விடையிலேயே வழக்குகள் பல தீர்ந்துவிடும்.

உறுதி நிறைவேறுவதற்கு முன் விழித்துக்கொண்ட குடும்பத்துக்கு வழிகள் எளியவை. ஒன்று காணிப் பதிவகத்தில் இருக்கின்றது. 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு காணியைப் பற்றி எந்த ஆவணமேனும் பதிவுக்கு வந்தால் தமக்கு அறிவிக்குமாறு 'கேவியட்' எனப்படும் எச்சரிக்கைப் பதிவு ஒன்றைக் கட்டணஞ் செலுத்திச் செய்துவைக்கலாம். செலவு சிறிது, பயன் பெரிது. இதனை அறிந்தோர் மிகச் சிலரே.

மற்றையது மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கின்றது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 556ஆம் பிரிவு தொட்டு, சித்த சுவாதீனம் அற்றவரின் ஆதனத்தைக் காப்பதற்கு வழி வகுத்துள்ளது. உறவினர் ஒருவர் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் விசாரணைக்குக் கட்டளையிடும். நோயாளியை நீதிபதி நேரிற் காணலாம், மருத்துவரின் அறிக்கையைப் பெறலாம். தம் காரியத்தைத் தாமே நடத்த இயலாதவர் என்று தெளிந்தபின், ஆதன முகாமையாளர் ஒருவரை நியமிக்கும். நீதிமன்றத்தின் அனுமதியின்றி அவர் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது, கணக்கும் காட்டவேண்டும்.

வழி இவ்வளவு நேராக இருந்தும் பலர் அதிற் செல்வதில்லை. காரணம் அதன் பெயர். ஈன்ற தாயைச் 'சித்த சுவாதீனம் அற்றவர்' என்று சத்தியக் கடதாசியில் எழுதிக் கையொப்பமிட எந்த மகளின் கை எளிதில் எழும்? அரிப்புப் போன்ற ஊரில், கோவிலுக்குப் போகும் வழியெல்லாம் அச்சொல் பின்தொடர்ந்து வரும். 1889இல் எழுதியோர் பைத்தியக்காரனையும் பழுத்த முதுமையில் நினைவிழந்த தாயையும் ஒரே சொல்லிற் கட்டிவிட்டனர். பிற்காலத்தவர் அக்கட்டை அவிழ்க்கவில்லை. இது சட்டத்தின் குறையேயன்றித் தாயின் இழிவன்று. இன்னொன்றும் தெளிவுபெறவேண்டும்: இவ்விசாரணை எவரையும் பைத்தியசாலைக்கு அனுப்புவதற்கானதன்று. அது 1873ஆம் ஆண்டின் வேறொரு கட்டளைச்சட்டத்தின் பாற்பட்டது. இங்குக் கேட்கப்படுவது வளவுக்கும் வங்கிப்பணத்துக்கும் ஒரு காவல் மட்டுமே.

'அற்றோணித் தத்துவம் எழுதி வாங்கினாற் போதாதோ?' என்று சிலர் கேட்பர். போதாது. அறிவு தெளிந்திருந்தபோது முறைப்படி எழுதிய தத்துவமும், எழுதியவர் அறிவிழந்ததும் வலுவிழக்கும். தலைவன் செய்யமுடியாததை அவன் பெயரால் முகவன் செய்யமுடியாது என்பது அதன் நியாயம். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டமொன்றும் சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டுச் சட்டமொன்றும், அறிவிழந்த பின்னும் நிலைக்கும் தத்துவத்தை முன்கூட்டியே எழுதிவைக்க இடமளிக்கின்றன. இலங்கையில் அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. அறிவிழந்தபின் எழுதி வாங்கிய தத்துவமோ தொடக்கத்திலேயே வெறுமை. ஆயினும் அத்தகைய தாளைக் காட்டி நடக்கும் விற்பனைகளுக்குக் குறைவில்லை.

உறுதி எழுதப்பட்டு முடிந்துவிட்டதெனினும் கதவு அடைபடுவதில்லை. அவ்வுறுதி செல்லாதென்று தீர்ப்பளிக்குமாறு மாவட்ட நீதிமன்றத்தில் மூதாட்டியின் பெயரால் வழக்கிடலாம்; அவள் சார்பில் அதனை நடத்த ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். வழக்கிட்ட கையோடு, வழக்கு நிலுவையில் உள்ளதென்ற அறிவித்தலைக் காணிப் பதிவகத்திற் பதிவுசெய்வதை மறக்கலாகாது. அறிவே இல்லாத வேளையில் எழுதிய உறுதியைக் கொண்டு வாங்கியவன் வேறொருவனுக்கு விற்றாலும், இல்லாத உரிமை கைமாறுவதில்லை. ஆனால் அறிவு சிறிது இருந்தது, ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கினர் என்று மட்டும் தீர்ப்பாகுமாயின், ஏதுமறியாது விலைகொடுத்து வாங்கிய மூன்றாமவனின் நிலை பலமடைந்துவிடும். அந்த மூன்றாமவன் தோன்றாமல் தடுப்பதே அறிவித்தலின் வேலை.

அறிவின்மையை நிரூபிப்பது கடினமாயினும் வேறு துணைகள் உள. நேர்விலையில் அரைப்பங்கிற்கும் குறைவாக, விலையறியாது விற்றவர் அவ்விற்பனையை நீக்கக் கோரலாம் என்னும் உரோமரின் பழைய விதி இலங்கையில் இன்றும் உயிரோடிருக்கின்றது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம் 83ஆம் பிரிவில், பயனுரிமையையும் கொடுத்துவிடும் எண்ணம் எழுதியவருக்கு இருந்ததாகச் சூழ்நிலை காட்டாதவிடத்து, வாங்கியவர் அவருக்காகவே அக்காணியை வைத்திருப்பவராவர் என்கின்றது. எழுதிக்கொடுத்த பின்னும் மூதாட்டி அதே வீட்டில் இருந்து, வரியும் அவளே கட்டி வந்தாளாயின், அது நீதிமன்றத்தின் கருத்தை ஈர்க்கும்.

தேசவழமைக்கு உட்பட்ட காணியாயின் இன்னொரு கயிறும் உண்டு. விற்கக் கருதுபவர் பங்காளருக்கும் வாரிசாக வரக்கூடியோருக்கும் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். அவர்களுக்கே முதலில் வாங்கும் உரிமை. 1947ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் இதனை ஒழுங்குசெய்கின்றது. வெளியாருக்கு ஒளித்து விற்ற காணியை மக்கள் இவ்வழியால் மீட்கக் கோரலாம். ஆனால் விலை கொடுத்தே மீட்கவேண்டும். தாயின் காணிக்கு மகள் விலைகொடுப்பதா என்று மனம் கொதிக்கும். ஆயினும் சில வேளைகளில் இதுவே விரைவான வழி.

நன்கொடை உறுதியாயின் நன்றிகொன்றமை ஒரு காரணமாகும். மீளப்பெற முடியாதது என்று எழுதப்பட்ட நன்கொடையையும், கொடியதோர் நன்றிகேட்டைக் காட்டி நீதிமன்றத்தின் வழியே நீக்குவதற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் முறை வகுத்தது. அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் உள்ள காணியாயின் நிலை வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டப்படி, உரிய அரச அதிகாரியின் அனுமதியின்றி அது கைமாற முடியாது. ஆதலின் முதற்படி பிரதேச செயலகத்துக்குச் சென்று எழுத்தில் முறையிடுவதே.

வெளிநாட்டிலுள்ள மக்கள் அஞ்சுவது காலத்தையே. பத்தாண்டு எதிர் ஆட்சியால் உரிமை பிறக்கும் என்ற 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம், சித்த சுவாதீனம் இல்லாதவருக்கும், கடல்கடந்து இருப்பவருக்கும், உரிமை பிறந்த வேளையில் அக்குறை இருந்ததாயின், அது நீங்கும்வரை காலம் ஓடாது என்று சொல்லியிருக்கின்றது. முப்பதாண்டு என்பது அதற்கும் ஓர் எல்லை. கருணையுள்ள விதிதான், ஆனால் சட்டத்திற் காலம் நின்றாலும் சாட்சிகளின் ஆயுள் நிற்பதில்லை.

குற்றவியல் வழியொன்றும் உளது. எழுதுபவர் சித்த சுவாதீனமின்மையால் ஆவணத்தின் பொருளை அறியமாட்டார் என்று தெரிந்தும், நேர்மையீனமாக அவரைக் கையொப்பமிடச் செய்பவன் பொய் ஆவணம் ஆக்கியவனாவான் என்பது தண்டனைச் சட்டக்கோவையின் கூற்று. கையொப்பம் உண்மையானதே, ஆயினும் செயல் கள்ள ஆவணமே. நம்பி ஒப்படைத்த வங்கிப்பணத்தைத் தனதாக்கியவன் நம்பிக்கை மோசடிக்கு உள்ளாவான். பொலிசு முறைப்பாடு அச்சத்தை உண்டாக்கும்; பணம் சில வேளை திரும்பியும் வரும். ஆனால் முறைப்பாடு செய்த மறுநாட் காலையில் அந்த மூதாட்டிக்குக் கஞ்சி வைப்பது யார் என்பதையும் முறைப்பாட்டுக்காரர் முன்னரே எண்ணிக்கொள்வது நன்று.

அடித்தலும் அறையிற் பூட்டுதலும் இழிவுபடுத்தலும் கூடிவந்தால், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்; பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். பணத்தைச் சுரண்டுவதை மட்டும் அச்சட்டம் வன்முறையென்று கொள்ளவில்லை என்பது வருந்தத்தக்கது. 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பேண இயலாத முதியோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்பதற்குச் சபையொன்றை ஏற்படுத்தியது. கைமாறிய காணியை மீட்டுத்தருவது அச்சபையின் வேலையன்று. சட்டத்தரணிக்குக் கொடுக்க வகையற்றோர், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இவ்வகை வஞ்சகம் ஏழைக் கரையூர்களுக்கே உரியதென்று எண்ணவேண்டாம். நியூயோர்க்கின் பெருஞ்செல்வச் சீமாட்டி புரூக் அஸ்ரர் மறதிநோயால் வருந்தினார். அவருடைய ஒரே மகன் அவர் ஆதனத்தை நடத்தி வந்தார். 2006இல், சீமாட்டிக்கு வயது 104ஆக இருந்தபோது, அம்மகனின் மகனே, அதாவது பேரனே, தன் தந்தைக்கு எதிராக நீதிமன்றம் ஏறிப் பாட்டியின் பாதுகாப்பை வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு கேட்டான். குடும்பத்தின் மானம் செய்தித்தாள்களிற் பறந்தது. சீமாட்டி 2007இல் இறந்தார்; மகன் 2009இல் குற்றவாளியாகக் காணப்பட்டார்; சிறை சென்றபோது அவருக்கே வயது 89. பேரன் மானத்தைக் கருதி வாளாவிருந்திருப்பானாயின் பாட்டியின் கடைசி ஆண்டு எவ்வாறு கழிந்திருக்கும் என்பது சிந்தனைக்குரியது.

மீண்டும் அரிப்புக்கு வந்தால், பெறாமகனின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். மக்கள் இருவரும் தொலைபேசியில் அழுதபோது, இரவில் எழுந்து பெரியம்மாவின் துணியை மாற்றியவன் அவன். கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்ததனால் உழைப்பிழந்தவனும் அவன். அதற்கு ஈடாக வளவு தனக்கு நியாயமென்று அவன் தன் மனத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். பராமரித்தவன்மீது வீண்பழி சுமத்திக் காணியை அடைய நினைக்கும் வெளிநாட்டு வாரிசுகளும் இல்லாமலில்லை. கள்ளனையும் காவலனையும் பிரித்தறிவதற்கு ஊர்ப்பேச்சு உதவாது. நீதிமன்ற விசாரணையே உதவும். அவ்விசாரணை நேர்மையாகப் பராமரித்தவனுக்கும் காப்பு.

மகள் மன்னார் மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்லும்போது சிகிச்சைக் கொப்பியையும், காணிப் பதிவகத்திலிருந்து எடுத்த பதிவுப் பிரதியையும், வங்கிப் புத்தகத்தையும், தாயை நாள்தோறும் காணும் அயலவர் இருவரையும் உடன்கொண்டு செல்வாளாக. பெறாமகனின் கை சுத்தமானதென்று விசாரணையிற் கண்டால், அவனையே முகாமையாளனாக நியமிக்கவும் நீதிமன்றத்துக்குத் தடையில்லை. அப்போது வளவின் தேங்காய் விற்ற காசு முதல் மருந்துக்கடைப் பற்றுச்சீட்டு வரை அவன் கணக்கெழுதி வைப்பான், கேட்கும்போது காட்டுவான். பெரியம்மா மாலையில் வாசலில் நின்று கேட்கும்போது, உள்ளே வரச்சொல்லி அழைப்பவனும் அவனாகவே இருப்பான்.